பேய்ப்படத்தை இரண்டாம் தடவை பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து வாசகசாலையில், தீபாவளி, பொங்கல், சித்திரைப் புத்தாண்டு விடுமுறைகளில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுகிறோம். பேய்ப்படம் என்றால் வாசலுக்கு வெளியேயும் ஆள் நிற்கும். ஏற்கெனவே காட்டிய படத்தை மறுபடி போட்டால் பாதிப் பேர் எழுந்து போய்விடுகிறார்கள், மீதிப் பேர் முன்வரிசைக்கு வந்துவிடுகிறார்கள். அந்த இரு தரப்பாரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். 'சைக்கோ', 'தி சிக்ஸ்த் சென்ஸ்', 'தி அதர்ஸ்', 'பீட்சா', 'பிசாசு' ஆகிய படங்களின் முடிவுகள் கீழே வெளிப்படையாக வருகின்றன. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

கதை முழுவதும் தெரிந்த பிறகு பயம் எப்படி மிஞ்சும்?

பயம் ஒரே வகையானது அல்ல. 'என்ன நடக்குமோ' என்று பயப்படுவது ஒன்று. 'நடக்கப்போவது தெரிகிறது, தடுக்க முடியவில்லையே' என்று பயப்படுவது இன்னொன்று. முதலாவது முதல் தடவையோடு செலவாகிவிடும். இரண்டாவது, இரண்டாம் தடவைதான் தொடங்கும்.

'சைக்கோ'வின் இயக்குநர் ஹிட்ச்கொக், பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுக்கு அளித்த நீண்ட பேட்டியில் ஓர் உதாரணம் சொன்னார். இருவர் மேசையில் அமர்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். மேசைக்கு அடியில் குண்டு இருப்பது நமக்குத் தெரியாது. அது வெடித்தால் பார்வையாளருக்குப் பதினைந்து விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பதை முன்பே காட்டிவிட்டால், அதே வெறும் பேச்சு பதினைந்து நிமிடத் தவிப்பாகிவிடும். 'இந்தப் பேச்சை விட்டுவிட்டு எழுந்து ஓடுங்களேன்' என்று நம் மனம் கத்தும்.

இரண்டாம் தடவை பார்க்க உட்காரும் ஒவ்வொருவரும் குண்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள்தான். ஆகவே மேசைக்கு மேலே நடக்கும் பேச்சு எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருக்கிறது என்பதே கேள்வி. அந்தப் பேச்சில் உயிர் இருந்தால் படம் நிற்கும். வெடிப்பை மட்டும் நம்பிய படம் விழுந்துவிடும்.

முதல் தடவை துள்ளிக் குதித்த இடத்தில் இரண்டாம் தடவை ஒன்றுமே ஆகவில்லை. ஏன்?

அந்தத் துள்ளல் உடம்பின் வேலை. எதிர்பாராத பெருஞ்சத்தம் கேட்டால் இமை மூடுகிறது, கழுத்தும் தோளும் இறுகுகின்றன. யோசிக்க நேரம் கிடைக்கும் முன்பே எல்லாம் முடிந்துவிடும். அதே தூண்டுதல் திரும்பத் திரும்ப வந்தால் உடம்பு பழகிக்கொள்ளும், துள்ளலும் குறைந்துகொண்டே போகும். பேயைக் காட்டிய அதே கணத்தில் ஸ்பீக்கரையும் அலறவைக்கும் படங்கள் இந்தத் துள்ளலைத்தான் நம்பியிருக்கின்றன. இரண்டாம் தடவை காது வலிக்கும், வேறொன்றும் மிஞ்சாது.

அப்படியானால் திடுக்கிடவைப்பது மட்டமான வேலையா?

இல்லை. திடுக்கிடலுக்கு முன்னால் என்ன கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்கவேண்டும். 1942-இல் வெளிவந்த 'கேட் பீப்பிள்' படத்தில், இரவில் தனியே நடந்து போகும் ஒரு பெண்ணை இன்னொருத்தி பின்தொடர்கிறாள். இசை இல்லை. செருப்பின் ஓசை மட்டும் கேட்கிறது. பின்னால் வந்த காலடி ஓசை திடீரென்று நின்றுவிடுகிறது. முன்னால் போகிறவள் வேகம் கூட்டுகிறாள், திரும்பிப் பார்க்கிறாள், யாரும் இல்லை. அப்போது சீறல் போல ஒரு சத்தம். பஸ் ஒன்று வந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

பஸ் வரும் என்று தெரிந்தாலும் அந்தக் காட்சி இன்றும் வேலை செய்கிறது. சீறலுக்கு முன்னால் வரும் அந்த மௌனம்தான் காட்சியின் உயிர். கடைசி பஸ்ஸில் வந்து இறங்கி, தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் வீட்டுக்கு நடந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. பின்னால் வரும் காலடியைக் காட்டிலும், வந்துகொண்டிருந்த காலடி நின்றுபோவது பயங்கரம்.

கடைசியில் திருப்பம் வைத்த படங்கள் ஒரு தடவைக்குத்தானே?

இந்தக் கேள்வி அதிகம் வருகிறது. என் அனுபவம் நேர்மாறானது. நேர்மையாக எழுதப்பட்ட திருப்பப் படத்துக்கு இரண்டாம் தடவைதான் உண்மையான முதல் தடவை.

'தி சிக்ஸ்த் சென்ஸ்' (1999) படத்தில் ஓர் உணவகக் காட்சி. திருமண நாள். கணவர் மல்கம் தாமதமாக வந்து எதிரே அமர்கிறார், மன்னிப்புக் கேட்கிறார், தன் வேலையைப் பற்றிப் பேசுகிறார். மனைவி நிமிர்ந்து பார்க்கவில்லை. பில் வருகிறது. அவர் கை நீட்டுகிறார், அவள் முந்திக்கொண்டு எடுக்கிறாள். ஒரு வாழ்த்தை மட்டும் முணுமுணுத்துவிட்டு எழுந்து போய்விடுகிறாள். முதல் தடவை பார்க்கும்போது, கோபித்துக்கொண்ட மனைவி என்று நினைக்கிறோம். நியாயமான கோபம் என்றும் சொல்லிக்கொள்கிறோம். இரண்டாம் தடவை மல்கம் இறந்துபோனவர் என்பது நமக்குத் தெரியும். அந்த மேசையில் ஒருத்தி மட்டும் அமர்ந்திருக்கிறாள். கணவரை இழந்த பெண், திருமண நாளன்று, தனியாகச் சாப்பிட்டுவிட்டுத் தானே பணம் கட்டிப் போகிறாள். காட்சியில் ஒரு சட்டகம்கூட மாறவில்லை. பொய்யும் சொல்லப்படவில்லை. நாம்தான் வேறு ஆளாகி வந்திருக்கிறோம்.

'தி அதர்ஸ்' (2001) இதைவிட ஒரு படி மேலே போகிறது என்பது என் எண்ணம். 1945, ஜெர்சித் தீவு. வெளிச்சம் பட்டால் உடம்பு தாங்காத இரண்டு பிள்ளைகளோடு ஒரு தாய். எல்லா ஜன்னலிலும் திரை. ஒரு கதவைப் பூட்டிய பிறகுதான் அடுத்ததைத் திறக்கவேண்டும் என்பது அவள் வைத்த சட்டம். வீட்டில் யாரோ நடமாடும் சத்தம் கேட்கிறது. முடிவில் தெரிகிறது, இறந்தவர்கள் இவர்கள்தான். சத்தம் போட்டவர்கள் அந்த வீட்டுக்குக் குடிவந்த, உயிரோடிருக்கும் குடும்பம். இரண்டாம் தடவை பார்க்கும்போது மேல்மாடியில் கேட்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் நாம் கட்சி மாறுகிறோம். அந்தத் தாயின் பிடிவாதம், பூட்டு, சாவிக்கொத்து, பிரார்த்தனை எல்லாம், தன் பிள்ளைகளைத் தானே கொன்றதை ஒத்துக்கொள்ள முடியாதவளின் தற்காப்பாகத் தெரிகிறது. மூடுபனிக்குள் போகும் அவள் தன் கணவனைச் சந்திக்கும் இடம் வரும்போது வாசகசாலையில் சத்தமே இருக்காது. பனி இறங்கிய நாளில் நாலடிக்கு அப்பால் வருகிறவர் யாரென்று தெரியாமல் குரல் கொடுத்துப் பழகியவர்கள் அல்லவா நாங்கள்.

'பீட்சா' (2012) வேறு மாதிரி. பங்களாவுக்குள் மைக்கல் மாட்டிக்கொள்ளும் அந்த நீண்ட இரவு அவன் இட்டுக்கட்டிச் சொன்ன கதை என்று படத்தின் பிற்பகுதியில் தெரிகிறது. அப்படித் தெரிந்த பிறகு பயம் போய்விடுமே என்பார்கள். பங்களாக் காட்சிகளில் பயம் குறைகிறது என்பது உண்மைதான். அதற்குப் பதிலாக விஜய் சேதுபதியின் முகம் கிடைக்கிறது. கதை கேட்கிறவர்கள் நம்புகிறார்களா என்று அளந்துகொண்டே நடுங்குகிற ஒரு முகம். நடிப்பைப் பற்றிப் பேச விரும்பும் இளைஞர்களுக்கு இதைத்தான் முதலில் மறுபடி போட்டுக் காட்டுவேன்.

ஏமாற்றித் திருப்பம் வைத்த படங்களும் உண்டு. யாரும் இல்லாத அறையில், யாருக்காகவும் அல்லாமல், பாத்திரம் நடித்துக்கொண்டிருக்கும். இரண்டாம் தடவை அந்த இடம் கண்ணில் பட்டுவிட்டால் படத்தின் மேல் உள்ள நம்பிக்கை போய்விடும். அதற்கு மன்னிப்பு இல்லை.

முடிவை முன்பே சொல்லிவிட்டால் ரசனை கெட்டுவிடும் என்பது உண்மைதானே?

சொல்பவர் யார், எப்போது சொல்கிறார் என்பதைப் பொறுத்தது. 'சைக்கோ' (1960) வெளியானபோது, படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடவேண்டாம் என்று ஹிட்ச்கொக் திரையரங்குகளைக் கேட்டுக்கொண்டார். முதல் தடவையின் அதிர்ச்சிக்கு அவர் கொடுத்த மதிப்பு அது. நானும் அந்தக் கட்சிதான். முதல் தடவை பார்க்கிறவரிடம் முடிவைச் சொல்லாதீர்கள்.

ஆனால், முடிவு தெரிந்தால் எல்லாம் போய்விட்டது என்பதும் சரியல்ல. அமெரிக்காவின் சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் லீவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் ஆகிய இருவர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், முடிவை முன்கூட்டியே தெரிந்துகொண்டு சிறுகதை வாசித்தவர்கள், தெரியாமல் வாசித்தவர்களைவிடக் கூடுதலாக ரசித்ததாகக் கண்டார்கள். அது சிறுகதைகளை வைத்துச் செய்த ஆய்வு, பேய்ப்படத்தை வைத்து அல்ல. இருந்தாலும், கதையின் சுவை முடிவில் மட்டும் இல்லை என்பதற்கு அது ஒரு சான்று.

'தெரிந்த கதையை ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கிறாய்?' என்று வீட்டில் பெரியவர்கள் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

மாசி மாதத்தில் காமன் கூத்தை ஏன் வருடா வருடம் பார்க்கிறீர்கள் என்று மரியாதையாகத் திருப்பிக் கேளுங்கள். அந்தக் கேள்விக்குள் இந்தப் பக்கம் முழுவதற்குமான பதில் இருக்கிறது.

காமன் கூத்தின் கதை தெரியாதவர் தோட்டத்தில் யாரும் இல்லை. ஈசனின் தவத்தைக் கலைக்க மன்மதன் போகிறான், நெற்றிக்கண் திறக்கிறது, எரிந்து சாம்பலாகிறான். சின்னப் பிள்ளைகளுக்கும் இது தெரியும். எரியப்போகிறவன் யாரென்று தெரிந்துதான் லயத்துச் சனம், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின் சனம், முழுவதும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு விடிய விடியக் குளிரில் உட்கார்ந்திருக்கிறது. மன்மதன் புறப்படும்போது, போகவேண்டாம் என்று ரதி மறிக்கிறாள். தப்புப் பறை மெதுவாக அடிக்கப்படுகிறது. ரதி வேடம் கட்டியவர் பக்கத்து லயத்து அண்ணன்தான், காலையில் தேயிலைச் செடிகளைக் கத்தரிக்க, கவ்வாத்து வெட்டப் போனவர். அதுவும் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவர் மன்மதனின் வழியை மறித்து நிற்கும்போது பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார்கள்.

கதை தெரியாத ஒருவர் அந்த இடத்தில் என்ன காண்பார்? வேலைக்குப் போகும் கணவனைத் தடுக்கிற ஒரு மனைவியைக் காண்பார். கதை தெரிந்தவருக்கோ அது பொறுக்க முடியாத காட்சி. ரதியின் ஒவ்வொரு சொல்லுக்கும் பாரம் ஏறுவது நமக்கு முடிவு தெரிந்திருப்பதால்தான். அவன் போவான். எரிவான். அவள் மறிப்பது பயன்படாது. ஆனாலும் மறிக்கிறாள்.

இப்போது 'சைக்கோ'வைப் பாருங்கள். மரியன் என்ற பெண் 40,000 டாலரைத் திருடிக்கொண்டு ஓடிவருகிறாள். விடுதிக்காரனோடு பேசிய பிறகு மனம் மாறுகிறாள், திரும்பிப் போய்ப் பணத்தை ஒப்படைக்கத் தீர்மானிக்கிறாள். அறையில் அமர்ந்து சிறிய புத்தகமொன்றில் கணக்கு எழுதுகிறாள்: கார் மாற்றியதில் செலவான 700 டாலரைக் கழித்தால் மீதி 39,300. அந்தத் தாளைக் கிழித்துக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீரை இழுத்துவிடுகிறாள். பிறகு குளிக்கப் போகிறாள். முதல் தடவை இந்தக் கணக்கை யாரும் கவனிப்பதில்லை. இரண்டாம் தடவை, குளியலறையில் அவளைக் கொல்லும் கத்தியை என்னால் பார்க்க முடிகிறது, இந்தக் கழித்தல் கணக்கைப் பார்க்க முடிவதில்லை. திருந்திவிட்டாள், 700 டாலரை எப்படித் திருப்பிக் கட்டுவது என்றுகூட யோசித்துவிட்டாள், இன்னும் சில நிமிடங்களில் இறந்துவிடுவாள். ரதி வழிமறிக்கும் இடமும் மரியன் கணக்கெழுதும் இடமும் ஒரே வேலையைச் செய்கின்றன. காமன் கூத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் பேய்ப்படத்தை இரண்டாம் தடவை பார்க்கத் தயங்கவேண்டியதே இல்லை. அதற்கான பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

தமிழில் எந்தப் படங்கள் தாங்குகின்றன?

என் பட்டியலில் முதலில் நிற்பது 'யாவரும் நலம்' (2009). புதிதாக வாங்கிய 13பி என்ற அடுக்குமாடி வீட்டுக்குக் குடும்பம் குடிவருகிறது. பால் திரிந்துபோகிறது. மாதவன் தனியாக ஏறினால் லிஃப்ட் நகர மறுக்கிறது. பகலில் வீட்டுப் பெண்கள் பார்க்கத் தொடங்கும் ஒரு தொடரில், இந்த வீட்டில் நடப்பதெல்லாம் அப்படியே நடக்கிறது. வேலைக்கு நடுவே, தொலைக்காட்சி பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும் வீடு நம் எல்லோருக்கும் தெரிந்த வீடு. பயத்தைக் கொண்டுவந்து அங்கே வைத்தது பெரிய காரியம். முதல் தடவை நாம் குடும்பத்தைப் பார்க்கிறோம், தொடர் பின்னணியில் ஓடுகிறது. இரண்டாம் தடவை குடும்பத்தை விட்டுவிட்டுத் தொடரை மட்டும் பாருங்கள். அதற்குள் இன்னொரு குடும்பம் வாழ்ந்துகொண்டிருக்கிறது. அவர்களுக்கு என்ன ஆனது என்று நமக்கு இப்போது தெரியும். சாதாரண அறையை சாதாரணமாகவே காட்டி அச்சமூட்டிய பி.சி. ஸ்ரீராமின் ஒளிப்பதிவையும் அப்போது நிதானமாகப் பார்க்கலாம்.

அடுத்தது 'பிசாசு' (2014). விபத்தில் அடிபட்ட பெண்ணை ஓர் இளைஞன் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். அவன் கையைப் பிடித்தபடியே அவள் இறந்துபோகிறாள். பிறகு அவன் வீட்டுக்கே வந்துவிடுகிறாள். முதல் தடவை அவள் செய்வதெல்லாம் நம்மை அச்சுறுத்துகிறது. அவளை மோதியது அந்த இளைஞனின் வாகனம்தான் என்று கடைசியில் தெரிகிறது. தன்னைக் கொன்றவன் என்று தெரிந்தும் அவள் அவனைக் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். இரண்டாம் தடவை பார்க்கும்போது படத்தில் பேய்ப்பயம் அநேகமாக இல்லை. ஆனால் அது விழுந்த படம் அல்ல, வளர்ந்த படம். பயம் இருந்த அதே இடங்களில் அன்பு நிற்கிறது. மறுபார்வையில் பயம் இல்லாமல் போவதை எல்லா நேரமும் தோல்வியாக எண்ணவேண்டாம் என்று நான் சொல்வது இந்தப் படத்தை மனதில் வைத்துத்தான்.

'சந்திரமுகி' (2005) பற்றியும் கேட்கிறார்கள். ஜோதிகா சும்மா நிற்கும் முற்பகுதிக் காட்சிகளுக்காக மறுபடி பார்க்கலாம். ஆனால் அதன் மூலமான மலையாளப் படம் 'மணிச்சித்திரத்தாழ்' (1993) இன்னும் உறுதியாக நிற்கிறது. ஷோபனாவுக்குத் தேசிய விருது பெற்றுத் தந்த நடிப்பு அது. அந்தப் பெண்ணின் தனிமைக்கு அங்கே இடம் கூடுதலாகக் கிடைக்கிறது.

சிரிப்பும் பேயும் கலந்த படங்கள்?

சிரிப்பு நிற்கும், பேய் நிற்காது. 'காஞ்சனா' (2011) அதற்குள் ஒரு விதிவிலக்கு. சரத்குமார் திருநங்கையாக வரும் பகுதிக்கு முன்னால் வரும் கலாட்டாவெல்லாம் இரண்டாம் தடவை நீளமாகத் தெரிந்தாலும், அந்தப் பகுதியின் வலி குறைவதில்லை.

பழைய படங்களில் பேயின் தோற்றம் இன்று சிரிப்பை வரவழைக்கிறதே?

தொழில்நுட்பத்தை நம்பி உருவாக்கிய பேய் தொழில்நுட்பத்தோடு மூப்படையும். நடிகரின் உடம்பை நம்பிய பேய் மூப்படைவதில்லை. ஜப்பானிய 'ரிங்கு' (1998) படத்தில் தொலைக்காட்சிக்குள்ளிருந்து வெளியே வரும் பெண்ணின் நடையை நினைத்துப் பாருங்கள். நடித்தவரைப் பின்னோக்கி நடக்கவைத்துப் படமெடுத்து, அதைத் தலைகீழாக ஓட்டியிருக்கிறார்கள். அவள் முன்னோக்கி வருகிறாள். ஆனால் எடை விழும் விதம் மனித எடை அல்ல. இந்தச் செய்தியைத் தெரிந்துகொண்டு பார்த்தாலும் முதுகுத்தண்டு சில்லிடுகிறது. படம் காட்டி முடித்த பிறகு வாசகசாலைத் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் யாரோ துணியைப் போர்த்திவிட்டுப் போயிருந்தார்கள்.

முதல் தடவை பிடிக்காத பேய்ப்படத்துக்கு இரண்டாவது வாய்ப்புக் கொடுக்கலாமா?

'தி ஷைனிங்' படத்துக்காகக் கட்டாயம் கொடுக்கவேண்டும். 1980-இல் அது வந்தபோது வரவேற்பு கலவையாக இருந்தது. மோசமான படங்களுக்கான ராஸி விருதின் முதல் ஆண்டிலேயே மோசமான இயக்குநர் பிரிவில் ஸ்டான்லி குப்ரிக்கின் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. இன்று அது பேய்ப்படங்களின் உச்சங்களில் ஒன்று. இந்த மாற்றத்தில் திரும்பத் திரும்பப் பார்த்தவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஒரே ஓர் இடத்தைச் சொல்கிறேன். பனியில் அடைபட்ட மலை விடுதி. ஆளில்லாத நீண்ட நடைபாதைகளில் ஒரு சிறுவன் மூன்று சக்கர வண்டியை மிதித்துக்கொண்டு போகிறான். கமரா அவன் உயரத்தில், அவன் முதுகுக்குப் பின்னாலேயே போகிறது. வண்டி மரத்தரையில் ஓடும்போது கடகடவென்று சத்தம். கம்பளத்தில் ஏறியதும் சத்தம் அடங்கிவிடுகிறது. மறுபடி மரத்தரை, மறுபடி கடகட. மறுபடி கம்பளம். கதை என்று பார்த்தால் எதுவுமே நடக்கவில்லை. ஆனால் சத்தமும் மௌனமும் மாறி மாறி வருவதில் நம் மூச்சு அந்த வண்டியின் தாளத்துக்குப் போய்விடுகிறது. அடுத்த திருப்பத்தில் இரட்டைச் சிறுமிகள் நிற்பார்கள் என்று தெரிந்தால் இந்தத் தாளம் இன்னும் மோசமாகப் பிடிக்கிறது. முதல் தடவை 'எப்போது ஏதாவது நடக்கும்' என்று காத்திருந்தவர்கள் இந்த இடத்தைத்தான் 'இழுவை' என்றார்கள்.

தகரக் கூரை வீட்டில் மழை நாளில் பார்ப்பது நல்லதா?

சூழல் அருமை, கேட்பது சிரமம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை எங்கள் பக்கத்துச் சரிவுகளில் ஊற்றும்போது தகரத்தின் மேல் விழும் சத்தத்தில் படத்தின் மெல்லிய ஒலிகள் அனைத்தும் செத்துவிடுகின்றன. கதவு முனகல், மூச்சு, தூரத்துக் காலடி எதுவும் காதில் விழாது. மிஞ்சுவது அலறல் மட்டும். சத்தத்தைக் கூட்டி வைத்தால் பக்கத்துக் காம்பராவில் தூங்கும் குழந்தை எழுந்து அழும். ஆகவே முதல் தடவை மழையில் பார்த்த படத்தை 'ஒன்றுமில்லை' என்று தள்ளிவிடாதீர்கள். இரண்டாம் தடவை நல்ல இயர்போன் ஒன்றை மாட்டிக்கொண்டு பாருங்கள். பாதிப் படம் உங்களுக்குப் புதிதாகக் கிடைக்கும்.

தனியாகப் பார்ப்பதா, கூட்டமாகவா?

முதல் தடவை கூட்டமாக. இரண்டாம் தடவை தனியாக, அல்லது அந்தப் படத்தைப் பார்த்திராத ஒரே ஒருவரோடு. புதியவரின் முகத்தை அடிக்கடி திரும்பிப் பார்க்கவேண்டாம், அவருக்கு விஷயம் புரிந்துவிடும்.

இரண்டு தடவைக்கும் இடையில் எவ்வளவு காலம் விடுவது?

திருப்பப் படம் என்றால் ஒரு வாரத்துக்குள். சிறு விவரங்கள் நினைவில் இருக்கும்போதே பார்த்தால்தான் அவை எப்படி இடம் மாறுகின்றன என்று தெரியும். மற்றப் படங்களுக்கு ஒரு வருடமாவது விடுங்கள்.

பேயை உண்மையாகவே நம்புகிறவர்களுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும். இன்னும் ஆழமாகப் பொருந்தும். நம் தோட்டங்களில் அச்சத்துக்கு முகவரி உண்டு. தொழிற்சாலையின் ரோதைக்கு, அதாவது இயந்திரச் சக்கரத்துக்கு, ரோதை முனி, கவ்வாத்து வெட்டும் மலைக்குக் கவ்வாத்துச்சாமி, எல்லைக்கு மாடசாமி. இவர்கள் கண்டபடி வந்து பாய்கிறவர்கள் அல்லர். இடம் உண்டு, உரிமை உண்டு, முறை தவறினால் கோபம் உண்டு. ஆகவே நம் பார்வையாளர்கள் திரையில் ஒரு பேயைக் கண்டதும் முதலில் கேட்பது, 'இது யார், இதற்கு என்ன குறை?' என்பதுதான். வாசகசாலையில் பின்வரிசையில் அமரும் அப்பாயிகள் இதைச் சத்தமாகவே கேட்பார்கள். குறை இருக்கிற பேய் இரண்டாம் தடவையும் நிற்கிறது. காரணமே இல்லாமல் கொல்லும் பேயை அவர்கள் அடுத்த தடவை பார்க்க வருவதில்லை. இந்தத் தீர்ப்பை நான் எந்த விமர்சகரின் தீர்ப்பையும்விட மேலாக மதிக்கிறேன்.

இதோடு சேர்த்து ஒரு ஆசையையும் சொல்லவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மன்னாரில் இறங்கி, காடு வழியாக மாத்தளை வரை நடந்து வந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் பட்டினியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். அவர்களுக்குக் கல்லறை இல்லை, பெயர்ப்பட்டியல் இல்லை. குறையோடு நடந்துகொண்டே இருக்கும் அந்த மனிதர்களைப் பற்றி ஒரு பேய்ப்படம் மலையகத்திலிருந்து வரவேண்டும். முடிவு நமக்கு முன்பே தெரிந்த கதை அது. ஆயிரம் தடவை பார்த்தாலும் தாங்கும்.

பிள்ளைகள் இரண்டாம் தடவை பார்த்தால் பயம் தெளிந்துவிடுமா?

சிலருக்குத் தெளியும். சிலருக்கு நிலைத்துவிடும். பயந்த பிள்ளையை 'ஒன்றும் இல்லை, மறுபடி பார்' என்று உட்காரவைக்காதீர்கள். அதுவாகவே கேட்டால் பகலில், வெளிச்சத்தில், சத்தத்தைக் குறைத்து, பக்கத்தில் இருந்து காட்டுங்கள். இரவில் வீட்டுக்கு வெளியே இருக்கும் மலசலகூடத்துக்கு டோர்ச்சோடு போகவேண்டிய பிள்ளைகள் நம் பிள்ளைகள். துணைக்கு எழுந்து போக உங்களால் முடியும் என்றால் மட்டும் படத்தைப் போடுங்கள்.

படம் தாங்குகிறதா என்று எவ்வளவு நேரத்தில் தெரியும்?

முதல் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். பேய் இன்னும் வரவில்லை, வீட்டுக்குச் சாமான் இறக்குகிறார்கள், பால் காய்ச்சுகிறார்கள், பிள்ளை அறைகளைச் சுற்றிப் பார்க்கிறது. இரண்டாம் தடவை இந்த இடத்தில் கை தானாகக் கைப்பேசியைத் தேடினால், அந்தப் படத்துக்கு உங்களிடம் கொடுக்க வேறொன்றும் மிச்சமில்லை. நிறுத்திவிடலாம். ஆனால் சாமான் இறக்குகிறவர்களைப் பார்த்து, 'திரும்பிப் போய்விடுங்கள்' என்று சொல்லத் தோன்றினால் எழுந்திருக்காதீர்கள்.

அடுத்த விடுமுறைக்கு எந்தப் படத்தை மறுபடி போடப்போகிறீர்கள்?

'தி அதர்ஸ்'. தமிழ் எழுத்துகளோடு போட முயற்சி செய்கிறோம். காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகவேண்டிய அக்காமாரும் இருந்து பார்க்கட்டும் என்று மாலை ஆறு மணிக்கே தொடங்குவோம். முதல் தடவை முடிவுக்கு முன்பே எழுந்து போனவர்கள் கட்டாயம் வரவும். போர்வையை மறக்கவேண்டாம், வாசகசாலையின் பின்பக்க ஜன்னலுக்கு இன்னும் கண்ணாடி போடவில்லை.